மைனர் 1000: ஹபரணைக்குப் போகேக்க சரி, திரும்பி வரேக்க கொதிக்குது

உப்புவெளி மைனர்:

1966 மொறிஸ் மைனர் 1000, 1098 சீசீ. ஹீற்றர் இல்லை. மைனரில சூட்டுமானி வாறதில்லை எண்டபடியால் கெப்பிலரி கேஜ் ஒண்டு தனியாப் பூட்டியிருக்கு. திருகோணமலையிலிருந்து ஹபரணைக்கு மத்தியானத்தில 50–55இல போனால் முள் 88 பாகையைத் தாண்டாது. அதே றோட்டால பின்னேரம் திரும்பி வரேக்க கந்தளாய் தாண்டினதும் 100, பிறகு 105, மூடியால ஆவி. ரவுணுக்குள்ள 95 மட்டில ஏறி இறங்கும்.

இதுவரை மாத்தினது: வோட்டர் பம்ப், மேல் கீழ் ஹோஸ், றேடியேற்றர் மூடி (13 பீஎஸ்ஐ அழுத்தம்). தேர்மோஸ்ரற் கழட்டியாச்சு. ஊத்துறது கிணத்துத் தண்ணி. ஒயிலில பால் நிறம் இல்லை. இனி ஹெட் காஸ்கற்தான் எண்டு கராச்சில சொல்லினம். ஹெட்டைக் கழட்ட முதல் பாக்கவேண்டியது ஏதும் இருக்கா அண்ணைமார்?

ஓர்ஸ்ஹில் கராச்:

ஹெட்டில இப்ப கை வைக்காதேங்கோ தம்பி. போகேக்க கொதிக்கேல்லை, வரேக்க கொதிக்குது எண்டதிலயே பாதி விடை கிடக்கு. ஹெட் காஸ்கற் திசை பாத்துப் பழுதாகாது.

இந்த மாசங்களில அடிக்கிறது கச்சான் காத்து, தென்மேற்கிலிருந்து. ஹபரணையிலிருந்து எங்கட பக்கம் வாற றோட்டு வடகிழக்குப் பாத்து வருது. அப்ப காத்து உங்கட முதுகில. வண்டி 50இல ஓட, பின்னால காத்து 25இல தள்ளினால் றேடியேற்றரின்ர முகத்தில படுறது வெறும் 25. போகேக்க அதே கணக்கு 75 ஆகுது. அதோட பின்னேரக் காத்து 35 பாகைச் சூட்டோட வருது.

ஆனா காத்தை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. நல்ல றேடியேற்றரோட உள்ள மைனர் இதே காத்தில 90ஐ ஒட்டித்தான் நிக்கும். உங்கட சிஸ்ரத்தில கையிருப்பு இல்லை, காத்துத் திரும்பினதும் அது தெரியவருது. ஆகவே தேடவேண்டியது வெப்பம் தண்ணியிலிருந்து காத்துக்குப் போற இடத்தை. பம்பும் ஹோஸும் அதுக்குப் பிறகுதான்.

வேற வண்டிக்காரருக்கும் உதவும் எண்டு சொல்லுறன். நிண்டு ஐடில் ஓடேக்க மட்டும் சூடேறினால் ஃபேன், பெல்ற், காத்தோட்டம். வேகமா, பாரத்தோட ஓடேக்க மட்டும் எண்டால் ரியூப் அடைப்பு, கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டுறது, ரைமிங் (பிளக்கில பொறி விழுற நேரம்), பெற்றோல் கலவை மெலிவு. ஸ்ராட் பண்ணி 5 நிமிசத்துக்குள்ள மேல் ஹோஸ் கல்லுமாதிரி இறுகினால்தான் காஸ்கற் எண்டு யோசிக்கலாம். ரெண்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் எண்டால், உங்கட வண்டிமாதிரி, றேடியேற்றரில தொடங்குங்கோ.

கிண்ணியா ஸ்பனர்:

ஓர்ஸ்ஹில் நாநா சொன்னதோட ஒண்ட சேக்கிறேன். 13 பீஎஸ்ஐ மூடி போட்டிருக்கீங்க, 105இல ஆவி வருது எண்டும் எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒத்துவரல்ல. 7 பீஎஸ்ஐ மூடி சரியா இறுகினாலே வெறுந் தண்ணி 111 பாகை வரைக்கும் கொதிக்காது. 13 எண்டா 118க்கு மேல. 105இல ஆவி வருதெண்டா மூடி அழுத்தம் பிடிக்கவே இல்ல. இல்லாட்டி கேஜ் பொய் சொல்லுது.

பழைய பீஎம்சி (மொறிஸ், ஒஸ்ரின் செஞ்ச கம்பனி) றேடியேற்றர்ல கழுத்து ரெண்டு ஆழத்தில வரும்: 1 அங்குலம், முக்கால் அங்குலம். கடையில கேட்டா முக்கால் அங்குல மூடியத்தான் கூடுதலாத் தருவாங்க. அத ஆழமான கழுத்தில போட்டா வடிவாப் பூட்டுப்படும், ஆனா அடி றப்பர் உள்ள இருக்கிற இருக்கையத் தொடாது. அழுத்தம் பூச்சியம். கழுத்து விளிம்பிலிருந்து உள் இருக்கை வரைக்கும் வேர்ணியரால அளந்து, அதே நீளமுள்ள மூடி எடுங்க. அதுவும் 7 பீஎஸ்ஐ. 13 எண்டா கூடுற அழுத்தம் எல்லாம் அறுபது வருசத்து ஈயப் பத்திலயும், பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் குட்டி பைபாஸ் ஹோஸ்லயும்தான் விழும்.

இன்னொண்டு, விளிம்பு வரைக்கும் தண்ணி நிரப்பாதீங்க. மைனருக்கு மிச்சத் தண்ணி பிடிக்கிற போத்தல் இல்ல. சூட்டில விரியிற தண்ணி குழாயால வெளிய போகும். கழுத்துக்குக் கீழ ஒரு அங்குலம் வெறுமையா விடணும். "தண்ணி குறையுது, குறையுது" எண்டு வாற வண்டியில பாதிக்கு இதுதான் வருத்தம்.

உப்புவெளி மைனர்:

நன்றி. கழுத்து அளந்தன், சரியா 1 அங்குலம். மூடி முக்கால். கிண்ணியா நாநா சொன்னதுதான். கேஜின்ர குமிழைக் கழட்டிக் கொதிக்கிற தண்ணியில வைச்சன், 99 காட்டுது, பிழை இல்லை. தேர்மோஸ்ரற் இல்லாமல் ஓடுறதால ஏதும் நட்டம் உண்டா? வெக்கை நாட்டுக்கு அது தேவையில்லை எண்டு எல்லாரும் சொல்லினம்.

ஓர்ஸ்ஹில் கராச்:

எல்லாரும் சொல்லினம், எல்லாரும் பிழை. தேர்மோஸ்ரற் எஞ்சின் ஒரு அளவுக்குக் கீழ குளிராமல் பாக்கிற சாமான். மேல எவ்வளவு ஏறும் எண்டது றேடியேற்றரின்ர கையில. கழட்டின வண்டி சூடாகக் கொஞ்சம் கூட நேரமெடுக்கும், ஆனா கடைசியில போய் நிக்கிறது அதே 105இலதான். இடையில மூண்டு நட்டம். காலமையில 60 பாகையில ஓடுற எஞ்சினில சிலிண்டர் தேயும், ஒயிலில ஈரமும் கரியும் சேந்து கழியாகும். மைனரின்ர ஏ-சீரிஸ் எஞ்சினில அந்த வால்வ் தாற தடை போனால் தண்ணி லேசான வழி தேடி ஓடிடும், பின்னால இருக்கிற 4ஆம் சிலிண்டருக்குப் போற பங்கு குறையும். அதோட பழுதையும் உங்களிட்டையிருந்து மறைச்சுப்போடும்.

ஏ-சீரிஸுக்கு 74, 82, 88 எண்டு மூண்டு வகை இருக்கு. எங்களுக்கு 74 போதும், 82ம் பிழையில்லை. 88 குளிர் நாட்டுக்காரருக்கு. வாங்கினதும் அப்பிடியே பூட்டாமல் ஒரு சட்டித் தண்ணியில நூலில கட்டித் தொங்கவிட்டு, சட்டி அடியில முட்டாமல் சூடாக்குங்கோ. அடிச்சிருக்கிற எண்ணுக்கு ரெண்டு பாகை முன்பின் திறக்கத் தொடங்கவேணும். தட்டில 3 மில்லிமீற்றர் துளை ஒண்டு போட்டால் தண்ணி நிரப்பேக்க காத்து அடைபடாது. மெழுகுக் குமிழ் உள்ள பக்கம் எஞ்சினைப் பாத்து இருக்கவேணும். மறுவளமாப் பூட்டினதும் கண்டிருக்கிறம்.

இப்ப செய்யவேண்டிய சோதனை, இந்த ஒழுங்கில:

காலமை குளிர் எஞ்சினில ஃபேன் பெல்ற்றைக் கழட்டி, மூடியைத் திறந்து, தண்ணியை வாய்மட்டம் நிரப்பி ஒரு நிமிசம் ஓட்டுங்கோ. பம்ப் சுத்தாது, அதால தண்ணி அசையாது. அப்பவும் ஒரே சீராக் குமிழ் வந்தால் காஸ்கற்றாலயோ வெடிப்பாலயோ புகை வருது எண்டு அர்த்தம். ஒரு நிமிசத்துக்கு மேல ஓட்டவேண்டாம்.

பிறகு கொம்பிரஷன். எஞ்சின் இளஞ்சூடா, நாலு பிளக்கும் கழட்டி, அக்சிலேற்றரை முழுக்க மிதிச்சபடி. ஏ-சீரிஸில காஸ்கற் போற இடம் கூடுதலா 2க்கும் 3க்கும் நடுவில. அங்கை இடைவெளி ஒடுக்கம், நடு எக்ஸோஸ்ற் வழியும் ரெண்டுக்கும் பொது. பக்கத்துப் பக்கத்து ரெண்டு மட்டும் சேந்து விழுந்திருந்தால் ஹெட்டைக் கழட்டலாம்.

மூண்டாவது, இன்ஃப்ராறெட் தேர்மோமீற்றரால றேடியேற்றரின்ர கோரை (குழாயும் தகடும் உள்ள நடுப்பகுதி) அளக்கிறது. மினுங்கிற பித்தளையில அது குறைச்சுக் காட்டும், கறுப்பு ரேப் துண்டு ஒட்டி அதில குறிவையுங்கோ.

தம்பலகாமம் ஏ60:

மேலே சொன்னவற்றோடு இரண்டு விடயங்கள். கோரை விரலால் தொட்டுப் பாருங்கள். கடற்கரையை ஒட்டி நிறுத்தும் வண்டிகளில் தகடுகள் உப்புக்காற்றால் பச்சை பூத்து, குழாயோடு ஒட்டியிருந்த ஈயம் விட்டுப்போகும். பார்வைக்குக் கோர் முழுதாக இருக்கும். உள்ளே தண்ணீரும் தாராளமாக ஓடும். ஆனால் தகடு குழாயைத் தொடாததால் வெப்பம் கைமாறாது. நகத்தால் தட்டினால் தூளாக உதிர்ந்தால் அந்தக் கோரின் காலம் முடிந்துவிட்டது. எந்த மருந்தும் அதை மீட்காது.

அடுத்து, பிளொக்கின் பின்பக்கத்திலுள்ள வடிகால் திருகைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் திருகை முழுதாகக் கழற்றி, தடித்த கம்பியால் குத்துங்கள். வறண்ட வலயத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்பு கூடிய வன்னீர். பல ஆண்டு ஊற்றிய பின் 4ஆம் சிலிண்டரைச் சுற்றித் துருவும் சுண்ணாம்பும் சேறாக அடைந்திருக்கும். மானியின் குமிழ் ஹெட்டின் முன்புறத்தில் இருப்பதால் பின்புறச் சூட்டை அது காட்டுவதில்லை. என் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் பீ-சீரிஸிலும் இதே அமைப்பு, இதே நோய்.

நிலாவெளி பீற்றில்:

இடையில புகுந்து கேக்கிறதுக்கு மன்னிக்கவும். ஃபோக்ஸ்வாகன் பீற்றிலில தண்ணியே இல்லையே, அது சூடேறினால் எங்கை பாக்கிறது?

ஓர்ஸ்ஹில் கராச்:

சுருக்கமாச் சொல்லுறன், விரிவாக் கேக்கிறதெண்டால் தனி இழை திறவுங்கோ. எஞ்சினைச் சுத்தியிருக்கிற தகர மூடிகளும் அதுகளின்ர ஓரத்து றப்பரும் முழுசா இருக்கவேணும். எத்தினையோ வண்டியில "சூடு வெளிய போகட்டும்" எண்டு அதைக் கழட்டி எறிஞ்சிருப்பினம். அந்த றப்பர் இல்லாட்டி கீழிருந்து வாற வெக்கைக் காத்தையே ஃபேன் திரும்ப இழுக்கும். ஃபேன் கூட்டுக்குள்ள எலிக்கூடு, பழந்துணி கிடக்கா எண்டு பாருங்கோ. ஒயில் 2.5 லீற்றர்தான், அரை லீற்றர் குறைஞ்சாலே சூட்டில தெரியும். கூட்டுக்குள்ள ஒயில் கூலர் நிக்கிற பழைய மொடலில 3ஆம் சிலிண்டருக்குக் காத்துக் குறைவு. ரைமிங் பிசகினால் முதல் அடி அதுக்குத்தான்.

உப்புவெளி மைனர்:

செய்து பாத்தது: குமிழ் இல்லை. கொம்பிரஷன் 150, 145, 145, 150. காஸ்கற் கதை முடிஞ்சுது எண்டு நினைக்கிறன். சூடான வண்டியில மேல் தொட்டி 96, கீழ்த் தொட்டி 91. கோரின்ர வலப்பக்கத்தில ஒரு கையகலத் துண்டு மட்டும் 60. கீழ் வரிசைத் தகடு விரல் பட உதிருது. பிளொக் திருகால ஒரு சொட்டும் வரேல்லை; கம்பியால குத்தினாப்பிறகு செங்கல்நிறச் சேறு.

கிண்ணியா ஸ்பனர்:

அந்த 60 பாகைத் துண்டில தண்ணி ஓடல்ல, ரியூப் அடைச்சுப் போயிருக்கு. மிச்ச இடத்தில தண்ணி ஓடுது, ஆனா தகடு வெப்பத்த எடுக்கல்ல. 96 உள்ள போய் 91 வெளிய வாறது அதனாலதான். மேல் தொட்டியக் கழட்டி றொட் அடிச்சா (ரியூபுக்குள்ள கம்பி விட்டுக் குத்தினா) அடைப்புப் போகும், தகடு வராது. உங்களுக்கு றொட் அடிக்கிற காசு வீண். புதுக் கோர் போடுங்க.

கோர் போட முந்திப் பிளொக்கக் கழுவுங்க. பழைய றேடியேற்றரோடயே கழுவணும், அப்பதான் கிளம்புற சேறு பழைய கோருக்குள்ள போய் நிக்கும். இந்த வரிசையப் பிழையாச் செஞ்சா புதுக் கோர் ஒரு மாசத்தில பழைய கோர் ஆகிடும்.

தேர்மோஸ்ரற் இல்லாம, 5 லீற்றர் தண்ணிக்கு 250 கிறாம் சிற்றிக் அசிட். முதல்ல சுடுதண்ணியில கரைச்சு ஊத்துங்க. 70–80 பாகையில அரை மணித்தியாலம் ஐடில். சூடு கொஞ்சம் ஆறினதும் இறக்குங்க, இரவு முழுக்க விடாதீங்க. அசிட் ஈயத்தையும் தின்னும். பிறகு நல்ல தண்ணி ஒருக்கா. அடுத்த தண்ணியில ரெண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டு 10 நிமிசம் ஓட்டி இறக்குங்க. கடைசியில பிளொக் திருகு கழட்டினபடி, மேல் வாயால ஹோஸ் பிடிச்சு, கலங்கல் நிக்கிற வரைக்கும் விடுங்க. கக்கூசுக்கு ஊத்துற அசிட், கோஸ்ரிக் சோடா ரெண்டும் கிட்டவும் வேணாம். தேர்மோஸ்ரற் வீடு அலுமினியம்.

ஒரு எச்சரிக்க: துருதான் அடைச்சுப் பிடிச்சுக் கொண்டிருந்த வெல்ஷ் பிளக் (பிளொக்கில உள்ள ஓட்டைய மூடுற தகட்டு மூடி), கழுவினதும் ஒழுகத் தொடங்கலாம். அசிட்டப் பழி சொல்லாதீங்க, அது ஏற்கெனவே போனதுதான்.

கோர் சொல்லேக்க செம்பு–பித்தளையே கேளுங்க. "நாலு வரிசை போடுவம், தகடு நெருக்கமாப் போடுவம்" எண்டா சம்மதிக்காதீங்க. மைனர் ஃபேனுக்கு அவ்வளவு தடிப்பால காத்து இழுக்கச் சத்தில்ல. ஓடேக்க குளிரும், நிண்டாச் சுடும். பழசில இருந்த வரிசையோட, தகடு சாதாரண நெருக்கம் போதும். மெல்லிசாக் கறுப்புப் பெயின்ற் ஒரு பூச்சு. தடிச்ச பெயின்ற் போர்வை.

சீனக்குடா வயர்:

இந்தக் கட்டத்தில யாராவது எலெக்ரிக் ஃபேன் போடச் சொல்லுவினம். பொறுங்கோ. மைனரில இருக்கிறது லூக்காஸ் சீ40 டைனமோ. உச்சத்தில 22 அம்பியர், ஐடிலில கிட்டத்தட்ட ஒண்டுமில்லை. ஃபேன் 7–10 அம்பியர் கேக்கும், அதுவும் நீங்க நிக்கிற நேரத்தில. முழுக்கப் பற்றரியிலதான் ஓடும். இரவில லைற்றும் சேந்தால் வீட்டுக்கு முன்னால தள்ளவேண்டி வரும். ஒல்ரனேற்றர் மாத்தினால் மட்டும் யோசிக்கலாம். மாத்தாத மைனர் பொசிற்றிவ் ஏர்த், பற்றரியின்ர பிளஸ் பக்கம்தான் வண்டி உடம்போட. கடையில வாங்கின ஃபேனை நிறம் பாத்துக் கொழுவினால் மறுபக்கம் சுத்தி, எஞ்சின் வெக்கையை றேடியேற்றருக்குத் தள்ளும். ஒரு கடுதாசித் துண்டை முன்னால பிடிச்சுப் பாத்தால் தெரியும்.

அந்தக் காசுக்கு ஃபேனைச் சுத்தி ஒரு தகரக் கூடு அடிப்பியுங்கோ. அலகின்ர பாதி கூட்டுக்குள்ள, நுனிக்கும் தகரத்துக்கும் இடையில ஒரு அங்குலத்துக்குக் குறையாமல். எஞ்சின் ஆடுறதால அதைவிட நெருக்கினால் அடிபடும். றேடியேற்றருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில உள்ள நீக்கலை றப்பரால அடையுங்கோ. முன்னால வாற காத்து சுத்திப் போகாமல் கோருக்குள்ளாலதான் போகவேணும்.

ஓர்ஸ்ஹில் கராச்:

கோர் கடையில இருக்கிற நேரத்தில ரைமிங்கைப் பாத்துப்போடுங்கோ தம்பி. 1098க்கு நிண்ட நிலையில 3 பாகை முன்னுக்கு. முன் மூடியில நீளமான கூர் டீடீசீ (பிஸ்ரன் உச்சியில நிக்கிற இடம்), மற்றது 5, 10. பொயின்ற் இடைவெளி 15 தவ் (0.38 மிமீ) வைச்சபிறகுதான் ரைமிங், மறுவளமாச் செய்தால் ரெண்டும் பிழைக்கும். றோட்டர் இடஞ்சுழி, ஆகவே டிஸ்ரிபியூற்றர் உடம்பை வலஞ்சுழியாத் திருப்பினால் முன்னுக்குப் போகும். பிந்தின ரைமிங்கில எரியிறது எக்ஸோஸ்ற் வால்வ் திறக்கிற வரைக்கும் இழுபடும், அந்த வெக்கை நேர ஹெட்டுக்குள்ள. வக்கியூம் பைப்பைக் கழட்டி வாயால உறிஞ்சி நாக்கால அடையுங்கோ. பிடி நிக்காட்டில் டயஃபிறம் கிழிஞ்சிருக்கு.

எஸ்யூ காபரேற்றரில பிஸ்ரனை 1 மில்லிமீற்றருக்குள்ள மெல்லத் தூக்கினால் எஞ்சின் அந்த இடத்திலயே சாகப் பாக்குதெண்டால் கலவை மெலிவு, அதுவும் சூட்டைக் கூட்டும். கொஞ்சம் ஏறித் திரும்பப் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. வால்வ் இடைவெளி குளிர்ல 12 தவ். ஒரு சில்லு பிறேக் பிடிச்சபடி ஓடுதோ எண்டதையும் தொட்டுப் பாருங்கோ. எஞ்சின் பாவம், அதையும் சேத்து இழுக்கும்.

அதுவரைக்கும் வண்டி எடுத்தே ஆகவேணுமெண்டால், ஏத்தத்தில நாலாம் கியரில உழக்காதேங்கோ. மூண்டுக்கு இறக்கினால் பம்பும் ஃபேனும் வேகமாச் சுத்தும். முள் 100 தொட்டால் உடன ஓஃப் பண்ணவேண்டாம். வண்டியின்ர மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி நிப்பாட்டி, கொஞ்சம் கூடின ஐடிலில விடுங்கோ. மூடியில அரை மணித்தியாலத்துக்குக் கை வைக்கக்கூடாது. கொதிச்ச பிளொக்குக்குப் பச்சைத் தண்ணி ஊத்தினால் ஹெட் வெடிக்கும், அப்ப உண்மையா ஹெட் வேலைதான்.

உப்புவெளி மைனர்:

புதுக் கோர் வந்திட்டுது, கூடும் அடிச்சாச்சு. ரைமிங் டீடீசீக்கும் பின்னால கிடந்தது, 3க்குக் கொண்டுவந்தன். கூலன்ற் என்ன போடலாம்? கடையில சிவப்பு, பச்சை, நீலம் எண்டு வைச்சிருக்கினம்.

தம்பலகாமம் ஏ60:

நிறம் தயாரிப்பாளரின் விருப்பம். தகவல் போத்தலின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஈயப்பற்று உள்ள பழைய றேடியேற்றருக்கு எதிலீன் கிளைக்கோலும் சிலிக்கேற்றும் கொண்ட பழைய வகையே பொருத்தம். நீண்டகால ஓஏரீ (சேதன அமில) வகைகள் சில, ஈயத்தோடும் பழைய காஸ்கற்றோடும் ஒத்துப்போவதில்லை. எங்களுக்கு உறைபனி இல்லை. துருக் காப்புக்காகவே போடுகிறோம். மூன்றில் ஒரு பங்கு போதும். அதற்குமேல் கிளைக்கோல் கூடினால் வெப்பம் சுமக்கும் திறன் தண்ணீரைவிடக் குறையும். 5 லீற்றருக்கு 1.6 லீற்றர் கூலன்ற், மீதி பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர். கிணற்றுநீர் இனி ஒரு கோப்பையும் வேண்டாம். வழியில் அவசரமென்றால் போத்தல் தண்ணீர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மேல் ஹோஸின் றேடியேற்றர் முனையில் பெண்கள் அணியும் நைலோன் காலுறைத் துண்டொன்றைச் சொருகி ஓட்டுங்கள். பிளொக்கில் மிஞ்சிய துரு அதில் நிற்கும். 200 கிலோமீற்றரில் கழற்றிப் பாருங்கள், அள்ளி வந்திருந்தால் மறுபடி போடுங்கள்.

கிண்ணியா ஸ்பனர்:

பைபாஸ் ஹோஸ மறக்காதீங்க. வெடிச்சா தண்ணி முழுக்க ஒரு நிமிசத்தில போகும். நேர் ஹோஸ் போடப் பம்பக் கழட்டணும். மடிப்பு மடிப்பா உள்ளத நசுக்கி அப்பிடியே சொருகலாம், ஆனா அது அவ்வளவு காலம் நிக்காது. பம்ப் கழட்டுற நாள்ல நேர் ஹோஸே போடுங்க. கடற்கரைப் பக்கம் போய் வந்தா எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமா நல்ல தண்ணியால மெல்ல அடிச்சுக் கழுவுங்க. சேர்விஸ் ஸ்ரேசன் துவக்கால அடிச்சா தகடு மடிஞ்சிடும்.

உப்புவெளி மைனர்:

74 தேர்மோஸ்ரற், 1 அங்குல 7 பீஎஸ்ஐ மூடி, புதுக் கோர். அதே றோட்டு, அதே பின்னேரம், அதே காத்து. கந்தளாய் தாண்டி 89. எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒண்டு மிச்சம்: கோணேசர் கோவிலுக்கு மெதுவா ஏறிப்போய் நிப்பாட்டி, 20 நிமிசத்தால ஸ்ராட் பண்ணினால் இழுக்குது, துப்புது. முள் 90தான்.

ஓர்ஸ்ஹில் கராச்:

அது தண்ணிப் பிரச்சினை இல்லை, பெற்றோல். நிப்பாட்டினதும் மனிஃபோல்ட் வெக்கை மேல ஏறி, காபரேற்றர்க் கிண்ணத்தில பெற்றோல் ஆவியாகுது. சுவிச் போட்டதும் எஸ்யூ பம்ப் கடகடவெண்டு நிக்காமல் அடிச்சால் அதேதான். நாலைஞ்சு தட்டோட நிண்டால் வேற இடத்தில தேடவேணும். காபரேற்றருக்கும் மனிஃபோல்ட்டுக்கும் இடையில வாற வெப்பத் தடுப்புத் துண்டு இருக்கா எண்டு பாருங்கோ. பெற்றோல் பைப் எக்ஸோஸ்ற்றுக்குக் கிட்ட ஓடினால் தள்ளிக் கட்டுங்கோ. அதுவரைக்கும் கோயிலடியில பொனற்றைக் கொஞ்சம் தூக்கி விட்டிட்டுப் போங்கோ. ஸ்ராட் பண்ணேக்க சோக் இழுக்காமல் அக்சிலேற்றரை முக்கால்வாசி மிதிச்சபடி சுத்துங்கோ.